எல்லாமே கீமோ இல்லீங்க! கேன்சர் சிகிச்சையில் எந்த மருந்துக்கு எந்தப் பணம்?

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். எந்த மருந்து போடணும்னு நான் சொல்லப் போறதில்லை. அந்த மருந்து எப்படிப்பட்ட பில்லைக் கொண்டு வரும்னு மட்டும் சொல்றேன்.

கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வெச்சிருக்கிற ஒரு அண்ணன், சில வருஷத்துக்கு முன்னாடி தேனியில் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே மதுரை ஆஸ்பத்திரி ஃபைலும், தோட்டத்துப் பத்திர ஜெராக்ஸும். மதினிக்கு மார்பகப் புற்றுநோய்.

"தோட்டத்தைக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்கு தம்பி. நாளைக்கு அட்வான்ஸ் தர்றாங்க. வரி எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க."

"என்ன ட்ரீட்மென்ட்ணே?"

"கீமோதான். அப்புறம் கரண்டு வைக்கணுமாம். பதினஞ்சு லட்சம் ஆகும்னு பக்கத்து பெட்டுக்காரர் சொல்றார்."

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரு சிகிச்சை இல்லை, ஐந்து: கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன், டிராஸ்டுசுமாப் ஊசி, கடைசியில் ஹார்மோன் மாத்திரை. நம்ம ஊரில் எல்லாத்துக்கும் "கீமோ"ன்னு ஒரே பேர்தான். ஆனா பணம் கட்டும் விஷயத்தில் இந்த ஐந்தும் ஐந்து வகை.

முதலில் கீமோ. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து. அதனால்தான் முடி கொட்டுது, வாய் புண்ணாகுது. பல மருந்துகள் பேட்டன்ட் காலம் முடிந்த பழைய மருந்துகள், விலை ஓரளவு கைக்கு எட்டும். தோட்டத்து ஓரத்தில் தானா பூக்குமே நித்தியகல்யாணி, சிலர் சுடுகாட்டு மல்லின்னு சொல்வாங்க, அதிலிருந்து எடுக்கிற வின்கிறிஸ்டின் இன்னைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் போடுற கீமோ மருந்து. கீமோ பெரும்பாலும் மூணு வாரத்துக்கு ஒரு தவணை. ஒரு நாள் படுத்து ஏற்றிக்கொண்டு வந்தாலும் "டே கேர்" கணக்கில் இன்சூரன்ஸ் தரும்.

ரேடியேஷன், அதான் கரண்டு. இங்கே மருந்தே கிடையாது, கதிர்வீச்சுதான். வாரம் ஐந்து நாள். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு 25 நாள் வழக்கம், இப்போ பலருக்கு 15 நாளில் முடிக்கிறாங்க. உங்களுக்கு அது பொருந்துமான்னு டாக்டரிடம் கேளுங்க. ஏன்னா இதில் பாலிசியில் வராத செலவு பஸ், சாப்பாடு, ரூம் வாடகை. கம்பத்திலிருந்து மதுரை போக வர 230 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மண்டல புற்றுநோய் மையம் இருக்கு, அங்கே சிகிச்சைக்குக் காசு கிடையாது; ஆனா தினமும் போய் வரணுமே! தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும் ரயில் திரும்பி வந்துவிட்டது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றிதழ் வேணும்.

மூணாவது, இலக்கு மருந்து. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். மதினிக்கு வந்தது ஹெர்-2 வகை, அதுக்குத்தான் டிராஸ்டுசுமாப். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருஷம். இங்கேதான் பில் எகிறும். 2014-ல் பயோகான் இதன் பயோசிமிலரைக் கொண்டு வந்தப்போ 440 மில்லிகிராம் வயல் 57,500 ரூபாய். அதுக்கப்புறம் பல கம்பெனி வந்தாச்சு, விலையும் நல்லாவே இறங்கியாச்சு. எம்.ஆர்.பி.யைப் பார்த்து மலைச்சுப் போகாதீங்க. "என்ன பிராண்ட், என்ன விலைக்குத் தருவீங்க"ன்னு மூணு இடத்தில் கேளுங்க. டோஸ் உடம்பு எடையைப் பொறுத்தது. 60 கிலோ ஆளுக்கு வழக்கமான தவணை 360 மில்லிகிராம். அப்போ 440 வயலில் மீதி 80 இருக்கும். அது என்ன ஆகுதுன்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு, பணம் நீங்க கட்டினது.

இலக்கு மருந்தில் மாத்திரையாக வர்றதும் உண்டு. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் அப்படித்தான், தினமும் சாப்பிடணும். நோவார்ட்டிஸின் கிளிவெக் மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய்; நம்ம நாட்டு ஜெனரிக் 8,000 சுமாருக்கு வந்தது. 2006-ல் அதுக்கு பேட்டன்ட் தர முடியாதுன்னு சொன்னது நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்தான். 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வீட்டில் யாராவது இன்னைக்கு அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு வேலைக்குப் போறாங்கன்னா, அதுக்குப் பின்னாடி இந்த வழக்கு இருக்கு.

ஆனா மாத்திரையில் ஒரு சிக்கல். வீட்டில் சாப்பிடுறதால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த 60 அல்லது 90 நாளுக்கு அப்புறம் பல பாலிசி கையை விரிச்சிடும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் நவீன சிகிச்சைகள் பட்டியல் போட்டு, வாய்வழி கீமோவையும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியையும் கவர் பண்ணணும்னு சொல்லியிருக்கு. ஆனா கம்பெனி அதுக்கு உள்வரம்பு வைக்கலாம். 5 லட்சம் பாலிசியில் இதுக்கு மட்டும் பாதின்னு இருக்கலாம். பிரீமியம் ஒப்பிடும் நேரத்தில் இந்த ஒரு வரியையும் தேடிப் படிங்க.

இம்யூனோதெரபி பற்றியும் கேட்பீங்க. நம்ம எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராத் திருப்பி விடுறது. பெம்ப்ரோலிசுமாப் மாதிரி மருந்துகள் லட்சக் கணக்கில் போகும், எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது. கார்-டி செல் சிகிச்சை இன்னும் ஒரு படி மேலே. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சுமார் 40 லட்சம். வெளிநாட்டில் கோடிகளில் போறதைப் பார்த்தால் மலிவு, சின்னமனூரில் இருந்து பார்த்தால் ஒரு தோப்பு.

சரி, அண்ணன் கதைக்கு வருவோம். முதல்வர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. வரம்பு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய். அவர் குடும்பம் அதைத் தாண்டும். (பொய் வருமானச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லி என்கிட்ட வராதீங்க. ஆனா "காடு இருக்கு, நமக்குக் கிடைக்காது"ன்னு நீங்களே முடிவு கட்டவும் வேணாம், பார்க்கிறது வருமானத்தை.) பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் எடுத்த 5 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர் ஒண்ணு இருந்தது. அண்ணன் அதை மறந்தே போயிருந்தார்!

காலண்டரை எடுத்து வெச்சேன். கீமோ முடிய நாலரை மாசம், ஊசி ஒரு வருஷம். பாலிசி ரினியூவல் நடுவில் ஏழாம் மாசம் வருது. அதாவது இந்த வருஷம் 5 லட்சம், புதுப்பிச்ச பிறகு மறுபடி 5 லட்சம். கிளெய்ம் வாங்கினீங்கன்னு சொல்லி ரினியூவலை மறுக்க முடியாது. பிரீமியம் கட்டுற தேதியை மட்டும் தவற விடக்கூடாது. மொத்தப் பணமும் நாளைக்கே தேவையில்லைன்னு அப்போதான் அண்ணனுக்கு விளங்குச்சு.

நிலத்து வரிக்கும் பதில் சொன்னேன். விவசாய நிலத்துக்கு வரியே கிடையாதுன்னு புரோக்கர் சொன்னது பாதி உண்மை. ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகராட்சின்னா, அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம் மூலதனச் சொத்து. கம்பமும் நகராட்சி. அண்ணன் தோட்டம் அந்த 2 கிலோமீட்டருக்குள்ளேதான். அவசரத்துக்கு விற்றால் விலையும் போகும், வரியும் போகும்.

80டிடிபி? புற்றுநோய்ச் செலவுக்கு 40,000, சீனியர் சிட்டிசனுக்கு 1,00,000 வரை கழிவு. இன்சூரன்ஸ் தந்தது போக மீதிக்குத்தான், பழைய வரிமுறையில் மட்டும்தான். விவசாய வருமானத்துக்கு வரியே இல்லாத அண்ணனுக்கு இது உதவாது. பெற்றோர் தன்னை நம்பி இருந்தால் மகன் கேட்கலாம். ஆனா 20 சதவீதத்தில் இருப்பவருக்கு 40,000-க்கு மிச்சம் 8,320 ரூபாய்தான். அதுக்காகப் புது முறையை விட்டு வர்றது பெரும்பாலும் நஷ்டம். கணக்குப் போட்டுப் பார்த்தே மாறுங்க.

அண்ணன் அட்வான்ஸ் வாங்கலை. மதினி நகையை விவசாயக் கடனுக்கு வெச்சார், அடுத்த ரெண்டு அறுப்பில் மீட்டார். உள்வரம்பு இடிச்சதால் ஊசிச் செலவில் ஒரு பங்கு கைக்காசுதான் போச்சு, அதைத் தவிர்க்க முடியலை.

மதினி இப்போ ஹார்மோன் மாத்திரையில் மூணாவது வருஷம். இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. மாசத்துக்குச் சில நூறு ரூபாய்தான். இன்சூரன்ஸ் தராது, அண்ணனும் கேட்கலை. போன மாசம் ரிட்டர்ன் விஷயமா மகன் வந்தப்போ ஒரு கூடை பன்னீர் திராட்சை கொடுத்தனுப்பியிருந்தாங்க.