வக்கடை இல்லாத வரம்பு

ஒலுவில் துறைமுகத்தின் வாயிலில் அலை எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்தாலே கடலோடிகள் சொல்லிவிடுவார்கள், அடியில் மண் ஏறிக் கிடக்கிறதென்று. ஆழமான தண்ணீரில் அலை அப்படி நுரைத்துச் சரியாது. மண் கூடிய காலங்களில் ஆழ்கடல் படகுகள் உள்ளே வரவும் வழியின்றி வெளியே போகவும் வழியின்றி நின்றிருக்கின்றன. "வாய மண் மூடிட்டு காக்கா, இப்ப ஏலா" என்பது இந்தக் கரையில் பல வருடங்களாகப் புழங்கும் பேச்சு.

தயங்குவது, மறுப்பது, குறுக்கே நிற்பது என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். அவற்றின் வேரைத் தேடிப் போனால் பலதும் நிலத்திலும் நீரிலும் போய் முடிகின்றன. 'போக்' என்ற சொல்லை எடுங்கள். எழுதும்போது நடுவே ஓர் 'எல்' இருக்கும், வாயில் வராது. பழைய ஆங்கிலத்தில் அது உழவர்களின் சொல். சால்களுக்கு நடுவே உழாமல் விட்ட மேட்டுக்கு அந்தப் பெயர். நமது வட்டைகளில் அதற்கு நெருங்கியது வரம்பு. கலப்பை ஓரிடத்தைத் தொடாமல் தாண்டிப் போவதும் பிறகு அதே சொல்லாயிற்று. வழியில் குறுக்கே கிடக்கும் எதுவும் அதே சொல்லாயிற்று. அப்புறம், குறுக்கே கிடப்பதைக் கண்டு காலூன்றி நின்றுவிடும் குதிரைக்கு வந்தது. கடைசியாக மனிதனுக்கு. செலவுக் கணக்கைக் கண்டு ஓர் அரசாங்கம் பின்வாங்கினால் இன்றைய ஆங்கிலப் பத்திரிகை இந்தச் சொல்லைத்தான் போடும்.

மறிக்கிற மேட்டுக்கும் மறிபட்டு நிற்கிறவனுக்கும் ஒரே சொல். ஒலுவிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்லும் கூடவே வருகிறது. இங்கே மறித்தது யார், மறிபட்டது யார்?

துறைமுகம் தொடங்கியது ஒரு நல்ல ஆசையில்தான். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் 1994இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலுக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். இந்தக் கரையின் பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் இந்தக் கரையிலேயே கிடைக்கவேண்டும் என்ற கனவு அது. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கியது. 2013 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச திறந்துவைத்தார். வணிகக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக அது ஆகவே இல்லை.

கப்பல் வராத துறைமுகத்தில் ஒரு கப்பல் சொல் நினைவுக்கு வருகிறது. ஆட்சேபிப்பதற்கு ஆங்கிலத்தில் 'டிமர்' என்பார்கள். லத்தீன் வேரில் அதற்குத் தங்குதல், தாமதித்தல் என்று பொருள். அதே வேரிலிருந்து வந்ததுதான் டெமரேஜ். சரக்கை ஏற்றி இறக்கக் கொடுத்த நாட்களுக்கு மேல் கப்பலை நிறுத்திவைத்தால் கட்டவேண்டிய பணம். கொழும்புத் துறைமுகத்தில் சாமான் எடுத்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். கப்பல் காத்திருந்தால் நாள் கணக்கில் விலை உண்டு. துறைமுகத்துக்காகக் காணி கொடுத்துவிட்டு நட்டஈட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களின் காத்திருப்புக்கு அப்படி யார் விலை போட்டார்கள்? மனிதன் காத்திருந்தால் டெமரேஜ் கிடையாதா?

நமது 'ஏலா'வும் யோசிக்கவேண்டிய சொல். ஏலாது என்றால் இயலாது. ஆனால் விருப்பமில்லாதவனும் அதையேதான் சொல்கிறான். 'மாட்டேன்' என்பதற்கும் இதே கதை நடந்திருக்கிறது. பழந்தமிழில் 'மாட்டு' என்றால் இயலுதல். அன்று மாட்டேன் என்றவன் தன் இயலாமையைச் சொன்னான், இன்று சொல்கிறவன் மறுக்கிறான். கடற்றொழிலாளி படகருகில் நின்று ஏலா என்றால் அது உண்மையான ஏலா. மேசைக்குப் பின்னாலிருந்து வரும் ஏலாது எந்த வகை என்பது, கோப்போடு பத்துத் தடவை ஏறி இறங்கியவர்களுக்கும் பிடிபடுவதில்லை.

மணலுக்கு வருகிறேன். தெற்கிலிருந்து வரும் அலை கரையில் சாய்வாக மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் மணல் வடக்கே நகர்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு பங்கு தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். கண்ணுக்குத் தெரியாமல் கரையோரமாக ஓடும் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆற்றின் குறுக்கே கருங்கல்லில் அலைதடுப்புகளை நீட்டினால் தெற்குப் பக்கத்தில் மணல் குவியும், முனையைச் சுற்றி வந்து துறைமுக வாயிலில் படியும். வடக்கே போகவேண்டிய மணல் போய்ச் சேராது. அலை மட்டும் வழக்கம்போல வந்து, இருக்கும் மண்ணை அள்ளிப் போகும். ஒலுவிலின் வடகரையிலும் நிந்தவூரிலும் நடந்தது அதுதான். தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின. வாடிகள் நின்ற இடம் தண்ணீராயிற்று. கரைவலை இழுக்க நிலம் சுருங்கியது.

இது யாருக்கும் தெரியாத விஷயமாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபோதே அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. நூறு வருடத்துக்கு மேல் பழைய பாடம். தடுத்தல் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஒப்ஸ்ட்ரக்ட்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் 'எதிரே கட்டுதல்'. மணல் துறைமுகத்தைத் தடுக்கிறது என்று பேசிப் பழகிவிட்டோம். மணல் எதையும் கட்டவில்லை. காலங்காலமாகப் போன வழியில் அது போய்க்கொண்டிருந்தது.

இதில் என்னை அதிகம் வருத்துவது, பாதிக்கப்பட்ட இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று முட்டுக்கட்டையாகத் தெரிய நேர்ந்ததுதான். மண்ணை அள்ளி வாயிலைத் திறவுங்கள் என்று படகுக்காரர்கள் கேட்டார்கள். எங்கள் கரைக்கு வழி சொல்லாமல் கைவைக்காதீர்கள் என்று நிலம் இழந்தவர்கள் நின்றார்கள். இருவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த மாவட்டத்தின் எந்த வேளாண்மைக்காரருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வரம்பு கட்டுகிறவன் தண்ணீர் போக அதில் வக்கடை விடவேண்டும். மேல்வயல்காரன் வக்கடையை அடைத்துவிட்டால் கீழ்வயல் காயும், வழக்கு வட்டை விதானையிடம் போகும். கடலில் கட்டிய இந்த வரம்புக்கு மணல் போக வக்கடை வைக்கவில்லை. அப்படி ஒன்றை வைக்கமுடியும். அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து எல்லையில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில், தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடகரைக்கு 2001 முதல் அனுப்பி வருகிறார்கள். ஒருமுறை தோண்டிவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை அல்ல அது. மணல் வரும்வரை செய்யவேண்டும், அதற்கு ஒவ்வொரு வருடமும் பணம் ஒதுக்கவேண்டும். படகு போக வாயிலில் அள்ளும் மண்ணே வடகரைக்கு ஊட்டமாகும், இரண்டு தரப்பின் வழக்கும் ஒரே வேலையில் தீரும்.

தெற்கே குவிந்த மணலுக்கும் வடக்கே வேர் தெரியச் சாய்ந்த தென்னைக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. அஸர் தொழுதுவிட்டு நடந்தால் பார்த்துவிட்டு மஃரிபுக்குள் திரும்பிவிடலாம்.