டெல்லியில் நிலநடுக்கம்: ஒரே அதிர்வு இடத்துக்கு இடம் மாறுவது ஏன்? உங்கள் வீடு எப்படி ஆடும்?

2025 பிப்ரவரி 17, அதிகாலை 5.36 மணி. டெல்லி தௌலா குவான் அருகே, பூமிக்கு அடியில் 5 கி.மீ. ஆழத்தில் 4.0 அளவில் ஒரு நிலநடுக்கம். சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால் 'டமார்னு ஒரு சத்தம் கேட்டுச்சு' என்று பலரும் சொன்னார்கள்.

2015 அக்டோபர் 26 அன்று நடந்தது வேறு மாதிரி. சுமார் 1,000 கி.மீ. தள்ளி, ஹிந்து குஷ் மலைப் பகுதியில் 7.5 அளவு நிலநடுக்கம். டெல்லியில் அது சத்தமாகக் கேட்கவில்லை, மெதுவான ஆட்டமாகத் தெரிந்தது. உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் அதை அதிகம் உணர்ந்தார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? பள்ளியில் படித்த ஒரு சின்ன சூத்திரத்தில் பதில் இருக்கிறது.

சூத்திரம் என்ன சொல்கிறது?

வேகம் = அதிர்வெண் × அலைநீளம்.

நிற்காமல் கடந்து போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியின் நீளம் 24 மீட்டர், வினாடிக்கு ஒரு பெட்டி உங்களைக் கடக்கிறது என்றால், ரயிலின் வேகம் வினாடிக்கு 24 மீட்டர். பெட்டியின் நீளம்தான் அலைநீளம். வினாடிக்கு எத்தனை பெட்டி என்பது அதிர்வெண். ஒரு பெட்டி கடக்க ஆகும் நேரம் அலைவு நேரம். வினாடிக்கு 2 அலை வந்தால் அலைவு நேரம் அரை வினாடி, அவ்வளவுதான்.

இதில் எதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அதிர்வெண்ணைத் தருவது அலை கிளம்பும் இடம். வேகத்தைத் தீர்மானிப்பது அலை பயணிக்கும் பொருள், அதாவது பாறையா, மண்ணா என்பது. இந்த இரண்டும் சேர்ந்து அலைநீளத்தை முடிவு செய்துவிடும்.

பக்கத்தில் 'டமார்', தூரத்தில் ஊஞ்சல். ஏன்?

ஒவ்வொரு முறை அதிரும்போதும் அலை கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. பாறைக்குள் வேகம் வினாடிக்கு 4 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 400 மீட்டர். 1,000 கி.மீ. கடக்க அது 2,500 முறை அதிர வேண்டும். அரை ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 கி.மீ. அதே தூரத்துக்கு 125 முறை போதும்.

அதனால் வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோகின்றன, மெதுவானவை வந்து சேருகின்றன. நிலநடுக்கம் பக்கத்திலேயே நடந்தால் இரண்டுமே வரும். 20 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வு தரையிலிருந்து காற்றுக்கு மாறும்போது நம் காதுக்குச் சத்தமாகக் கேட்கும்.

மலை மந்திரும் மயூர் விஹாரும்

டெல்லித் தமிழர்களுக்கு இரண்டு இடமும் நன்றாகத் தெரியும். ஆர்.கே. புரம் மலை மந்திர் ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. மயூர் விஹார் இருப்பது யமுனை கொண்டுவந்து சேர்த்த மண்ணின் மேல்.

வினாடிக்கு 2 முறை அதிரும் ஓர் அலை கடினப் பாறையில் வினாடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வந்தால், அலைநீளம் 600 மீட்டர். வேகம் 200 மீட்டராகக் குறையும் மென்மையான மண்ணுக்குள் நுழைந்தால்? அதிர்வெண் மாறாது. அலைநீளம் 100 மீட்டராகச் சுருங்கிவிடும். பின்னால் வரும் ஆற்றல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், தரை முன்பைவிட அதிகமாக ஆடும்.

மண் அடுக்குக்கும் சொந்தமாக ஓர் அலைவு நேரம் உண்டு. அடுக்கின் ஆழத்தை 4 ஆல் பெருக்கி, மண்ணில் அலையின் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 20 மீட்டர் ஆழம், 200 மீட்டர் வேகம் என்றால் 0.4 வினாடி.

உங்கள் வீட்டுக்கும் ஓர் அலைவு நேரம்

பொறியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு: மாடிக்கு 0.1 வினாடி. நான்கு மாடி வீட்டுக்கு 0.4 வினாடி, இருபது மாடிக்கு சுமார் 2 வினாடி.

மேலே பார்த்த 20 மீட்டர் மண்ணின் மேல் நான்கு மாடி வீடு இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல, ஒவ்வோர் அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் நடந்தது இதுதான். நிலநடுக்கத்தின் மையம் 350 கி.மீ.க்கு அப்பால். ஆனால் நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் மேல் நிற்கிறது. அந்த மண்ணின் அலைவு நேரம் சுமார் 2 வினாடி. நடுத்தர உயரக் கட்டடங்கள் அதிகம் சரிந்தன, தாழ்வான வீடுகள் பல தப்பின.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் 2016 விதித் தொகுப்பில் டெல்லி நான்காம் நிலநடுக்க மண்டலம். ஆனால் 'டெல்லி' என்ற ஒரே வார்த்தைக்குள் பாறையும் இருக்கிறது, ஆற்று மண்ணும் இருக்கிறது. அதனால்தான் தேசிய நிலநடுக்கவியல் மையம் தலைநகருக்குத் தனியாக நுண்மண்டல வரைபடம் தயாரித்தது.

வீடு வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்:

- மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா?
- கட்டட வடிவமைப்பில் அந்த மண்ணின் தன்மை கணக்கில் எடுக்கப்பட்டதா?
- தரைத்தளம் முழுக்கத் தூண்களில் நிற்கும் பார்க்கிங்கா? ஆம் என்றால், அந்தத் தளம் மேல்தளங்களுக்கு ஈடான உறுதியோடு கட்டப்பட்டதா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல இப்படிப் பார்க்கிங் தளத்தின் மேல் நின்றவை.

எந்த அலை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது உங்கள் வீடு எந்தத் தாளத்தில் ஆடும் என்பதை இன்றே கணக்கிடலாம்.