கினி பிக் சொறிந்துகொண்டே இருக்கிறதா? வெயில் மேல் பழி போடாதீர்கள்!

விருதுநகர், சிவகாசி பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் வீட்டில் வளரும் கினி பிக் ஓயாமல் சொறிந்து, முடி கொட்டினால், 'உடம்புச் சூடுதான்' என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால், அதற்குக் காரணம் பேனாகவோ, சொறிப்பூச்சியாகவோ இருக்கலாம். முதலாவது தொல்லை. இரண்டாவது, கவனிக்காவிட்டால் உயிரையே எடுத்துவிடும்!

கண்ணுக்குத் தெரிந்தால் பேன்

காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் முடியை விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் மெலிந்த பூச்சிகள் ஓடினால் அது பேன். முடியில் ஈர் ஒட்டியிருக்கும். இந்தப் பேன் மனிதர்களின் தலையில் வாழாது. அதனால் பிள்ளைகளின் தலைப்பேனுக்கு கினி பிக்கைக் குறைசொல்ல வேண்டாம்.

தெரியாமல் துளைக்கும் சொறிப்பூச்சி

'மைட்' எனப்படும் சொறிப்பூச்சிகளில் ஆபத்தானது 'ட்ரிக்ஸாகேரஸ் கேவியே'. தோலுக்குள் துளைத்து முட்டையிடும் இதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. முதுகு, தோள், தொடைப் பகுதிகளில் முடி கொட்டும். தோல் தடித்து, செதில் செதிலாக உரியும். அரிப்பு முற்றினால், முதுகைத் தொட்டாலே வலிப்பு வந்துவிடும். சாப்பாட்டை நிறுத்திய கினி பிக் விரைவில் இறந்தும் போகலாம். தூக்குபவர்களுக்கும் கையில் தற்காலிகமாக அரிப்பு வரலாம் என்பதால் கையுறை நல்லது.

ஏன் திடீரென வருகிறது?

வாங்கும்போதே உடம்பில் சில பூச்சிகள் சத்தமில்லாமல் இருக்கலாம். நெரிசலான கூண்டு, கர்ப்பம், கடும் வெயில், பயம் ஆகியவற்றால் உடம்பு தளரும்போது அவை பெருகும். தீபாவளிக்கு மட்டுமல்லாமல், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டுச் சத்தம் கேட்கும் ஊர் நம்முடையது. கூண்டைத் தெருப்பக்கம் வைக்காமல், காற்றோட்டமான உள்ளறையில் வையுங்கள்.

மனிதர்களைப் போலவே கினி பிக்காலும் வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்க முடியாது. 1907-ல் நார்வே விஞ்ஞானிகள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் ஆகியோர் ஸ்கர்வி நோயை ஆராய உதவியதும் இந்த விலங்குதான். தினமும் குடைமிளகாய், சிறு துண்டு கொய்யா கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* 'சொறிக்குக் கந்தகம்' என்ற பழைய பேச்சை நம்பி, பட்டாசுக்கான கந்தகத்தைத் தடவக் கூடாது. மண்ணெண்ணெயும் கூடாது. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

* தலைப்பேன் மருந்து, நாய்க்கான உண்ணி மருந்து, மனிதர்களுக்கான ஐவர்மெக்டின் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வளர்ந்த கினி பிக்கின் எடையே சுமார் ஒரு கிலோதான். அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம்.

* புண் ஆற, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கொடுக்காதீர்கள். குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து இறக்க நேரிடலாம்.

சிகிச்சை என்ன?

மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எடைக்கேற்ப ஊசியோ, தோலில் விடும் சொட்டு மருந்தோ தருவார். ஒரே தடவையில் முட்டைகள் சாகாது. அவர் சொன்ன நாளில் அடுத்த டோஸ் அவசியம். அரிப்பு நின்றுவிட்டதென்று பாதியில் விட்டால் மறுபடியும் வரும். கூட இருக்கும் மற்ற கினி பிக்குகளுக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும்.

கூண்டைக் கழுவி, விரிப்பை மொத்தமாக மாற்றுங்கள். அச்சகங்கள் நிறைந்த சிவகாசியில் வெட்டுக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. மை படாத வெள்ளைக் காகிதமாகப் பார்த்து வாங்குங்கள். ஈரமான விரிப்பில் ஈ மொய்த்து, பின்பக்கத்தில் புழு வைத்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

முதலில் உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் தேவைப்பட்டால் மதுரையில் விசாரிக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஒதுக்கி முடியை விலக்கிப் பாருங்கள், சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. குறையும் எடைதான் முதலில் சொல்லும்!