சியரா லியோனில் பிரசவம்: அன்றும் இன்றும்

2010-க்கு முன்பு சியரா லியோனில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், வீட்டார் முதலில் எண்ணிப் பார்த்தது கையிலிருக்கும் பணத்தை. அரசு மருத்துவமனையிலும் பிரசவத்துக்குக் கட்டணம் உண்டு. மருந்தும் ஊசியும் மட்டுமல்ல, பிரசவம் பார்ப்பவர் போட்டுக்கொள்ளும் கையுறையைக்கூட வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால், கேட்கும் தொகை ஓர் ஏழைக் குடும்பத்தின் பல மாத வருமானம். கணவன் கடன் கேட்டு வீடு வீடாக அலையும் நேரத்தில் இங்கே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். பேறுகாலத்தில் கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும்.

பதினோரு ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த 2005-க்கான ஐ.நா. மதிப்பீட்டில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2,100 தாய்மார்கள் இறந்தார்கள். வாழ்நாளில் எட்டுப் பெண்களில் ஒருத்தி பிள்ளைப்பேற்றால் சாகும் நிலை அது. ஒரு வகுப்பில் நாற்பது பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களில் ஐந்து பேர் என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

அன்று பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான். 2008 கணக்கெடுப்பின்படி மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ பிள்ளை பெற்றவர்கள் நூற்றுக்கு 25 பேர். மற்றவர்களுக்குக் கைகொடுத்தது ஊர் மருத்துவச்சி. அவளுக்கு வயிற்றைத் தடவிக் குழந்தையின் கிடை சொல்லத் தெரியும். ஆனால் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து அவளிடம் இல்லை.

2010 ஏப்ரல் 27, அந்நாட்டின் விடுதலை நாள். அன்று அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு மருத்துவம் முழுவதும் இலவசம் என்று தொடங்கி வைத்தார். அதற்கு முந்தைய மாதம்தான் மருத்துவர்களும் செவிலியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். கூட்டம் பல மடங்கு வரும், இந்தச் சம்பளத்தில் எப்படிச் சமாளிப்பது என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அரசு சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தியது. சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து வேலைக்கு வராதவர்களை நீக்கியது. பிரிட்டன் பணம் தந்து உதவியது.

பெண்கள் வந்தார்கள். நூற்றுக்கு 25 என்றிருந்தது 2013-ல் 54 ஆகி, 2019-ல் 83 ஆயிற்று. பதினோரு ஆண்டுகளில் ஒரு நாட்டின் பிள்ளைப்பேறே வீட்டை விட்டு மருத்துவமனைக்கு இடம் மாறிவிட்டது.

சாவு அதே வேகத்தில் குறைந்ததா? இங்கேதான் நிதானம் வேண்டும். ஐ.நா. மதிப்பீட்டிலிருந்து வேறான முறையில் எடுத்த 2008 கணக்கெடுப்பில், லட்சத்துக்குத் தாய் இறப்பு 857. 2013-ல் 1,165. 2019-ல் 717. நடுவில் ஏறியிருப்பதைக் கண்டு இலவசத் திட்டம் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கணக்கை எடுக்கும் முறை அப்படி. பெண்களிடம் போய், உன்னுடன் பிறந்த சகோதரிகள் எத்தனை பேர், யார் இறந்தார், கர்ப்பமாக இருந்தபோதா, பிள்ளை பெற்றபோதா என்று கேட்டு, முந்தைய ஏழு ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். பிழைக்கு இடம் அதிகம். ஆனாலும் ஒன்று தெளிவு: பெண்கள் வந்த வேகத்துக்கு மருந்தும் ரத்தமும் மின்சாரமும் வந்து சேரவில்லை. காசு கேட்பதும் அடியோடு நிற்கவில்லை. மருந்து தீர்ந்துவிட்டது, வெளியில் வாங்கி வா என்ற பழைய பேச்சு பல இடங்களில் தொடர்ந்தது. நம் ஊரில் இலவசம் என்று எழுதிப் போட்ட பிரசவ வார்டில் ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று கை நீட்டப்படுவதைக் கேள்விப்பட்ட நமக்கு இது புரியாத விஷயமல்ல.

2014 மே மாதம் எபோலா வந்தது. 200-க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் மாண்டார்கள். இருந்த மருத்துவர்களே சொற்பம் என்ற நாட்டில் இந்த இழப்பை ஈடுகட்டுவது எளிதல்ல. எபோலா ரத்தம் வழியாகவும் பரவும் நோய்; பிரசவமே ரத்தம் சம்பந்தப்பட்டது. தொடப் பணியாளர்களுக்குப் பயம், மருத்துவமனைக்கு வரத் தாய்மார்களுக்குப் பயம். மெல்லத்தான் கூட்டம் திரும்பியது.

அன்று சிசேரியன் செய்ய மருத்துவர் வேண்டும்; மாவட்டத்தில் அவர் இல்லையென்றால் தலைநகர் ஃப்ரீடவுன் வரை போக வேண்டும். இன்று மருத்துவப் பட்டம் இல்லாத சமூக சுகாதார அலுவலர்களே செய்கிறார்கள். நார்வேயின் கேப்பாகேர் அமைப்பும் அரசும் 2011 முதல் இவர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி தருகின்றன. இவர்கள் செய்த சிசேரியன்களை மருத்துவர்கள் செய்தவற்றோடு ஒப்பிட்டு 2019-ல் வெளிவந்த ஆய்வு, தாயின் பாதுகாப்பில் இவர்கள் குறைந்தவர்கள் அல்ல என்றது. இந்த மாற்றங்களிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இழந்தது மருத்துவச்சியை. 2010-க்குப் பின் வீட்டில் பிரசவம் பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. பல ஊர்களில் மீறினால் அபராதம். கர்ப்பிணியைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வருவதுதான் இப்போது அவள் வேலை. பிழைப்பும் மதிப்பும் ஒருசேரக் குறைந்தன. வலியில் துடிப்பவளின் முதுகை நீவிவிட்டு விடியும்வரை கூட இருக்கும் கை, வரிசையில் பலரைப் பார்க்கும் செவிலியரிடம் கிடைப்பது அரிது. அதற்காகப் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன். அவளைப் பிரசவ அறைக்குள் துணையாக இருக்க விடலாம்; அதற்குச் செலவும் இல்லை.

2023-க்கான ஐ.நா. மதிப்பீட்டில் தாய் இறப்பு 354. 2,100-க்குப் பக்கத்தில் வைத்தால் இது பெரும் சாதனை. 2018–20 கணக்கில் 54 ஆக இருந்த தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் நெடுந்தூரம். ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி மருந்தைக் குளிரில் வைத்தால்தான் வீரியம் நிற்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பணத்தை நம்ப முடியாது என்பதை 2025-ல் அமெரிக்கா தன் உதவிகளை வெட்டியபோது ஏழை நாடுகள் அனைத்தும் கண்டுகொண்டன. சொந்தப் பணமே வழி. 2001-ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி தந்தார்கள். பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை எட்டவில்லை.