வைசூரியை விரட்டிய வித்தை!

ஊர் ஊராக மனிதர்களைக் கொன்று குவித்த நோய், வைசூரி என்னும் பெரியம்மை. இன்று அது உலகில் இல்லை. மனிதனைத் தாக்கும் நோய்களில் அடியோடு ஒழிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

ஒழித்தது அம்மைப்பால் மட்டுமா? இல்லை. அதை யாருக்கு முதலில் குத்துவது என்று அறிந்த வித்தையும்தான்!

மருந்து போதவில்லை

1966-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டின் கிழக்குப் பகுதியில் வைசூரி கண்டது. அங்கே இருந்த அமெரிக்க டாக்டர் வில்லியம் பேகியிடம் அம்மைப்பால் கொஞ்சம்தான் இருந்தது. எல்லோருக்கும் குத்த அது காணாது.

என்ன செய்தார் அவர்? பாதிரிமார்களிடம் ரேடியோ கருவிகள் இருந்தன. அவற்றின் மூலம், எந்தெந்தக் கிராமத்தில் நோய் என்று விசாரித்தார். நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்கும், அடுத்து நோய் பரவக்கூடிய இடங்களில் இருந்தவர்களுக்கும் மட்டும் குத்தினார்.

பக்கத்துக் கூரையைப் பிரித்துவிட்டால் தீ எங்கே தாவும்? நோயும் அப்படியே அணைந்தது!

படத்தோடு போனார்கள்

இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களுக்கு அம்மை குத்தியும் வைசூரி போகவில்லை. 1973-ல் முறை மாறியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். கையில், வைசூரி கண்ட குழந்தையின் படம். "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள்.

1974-ல் பீகாரில் வைசூரி பேயாட்டம் ஆடியது. "பழையபடி எல்லோருக்கும் குத்துங்கள்" என்று குரல் எழுந்தது. தேடியவர்கள் விடவில்லை.

நோயாளி வீட்டிலேயே இருந்தார். வாசலில் காவலாள் நின்றார். உள்ளே போகிறவருக்கு அம்மை குத்தினார்கள். புதிய நோயாளி இருப்பதைச் சொன்னவருக்குப் பணம் கொடுத்தார்கள். 1975-ல் அந்தப் பரிசு 1,000 ரூபாய் ஆயிற்று!

சில இடங்களில் பலவந்தமாகவும் குத்தினார்கள். அங்கெல்லாம் ஜனங்கள் எதிர்த்தார்கள்.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி தீர்ந்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒருவருக்குக் கண்டதே, இயற்கையாக வந்த கடைசி வைசூரி.

மறுபடியும் நைஜீரியா

2014-ல் அதே நைஜீரியாவில், லாகோஸ் நகருக்கு விமானத்தில் வந்த ஒருவர் மூலம் எபோலா நுழைந்தது. நோயாளிகளோடு பழகிய ஏறக்குறைய 900 பேரைத் தேடிப் பிடித்துத் தினந்தோறும் கவனித்தார்கள். போலியோவை ஒழிக்கப் பழகிய ஊழியர்கள் இதற்குக் கைகொடுத்தார்கள். 20 பேரோடு நோய் நின்றது!

கொரோனாவை ஏன் அப்படி நிறுத்த முடியவில்லை? வைசூரி முகத்திலேயே தெரியும். கொரோனாவோ, காய்ச்சல் காணும் முன்பே அடுத்தவரைத் தொற்றிவிடும். வைசூரி மிருகங்களிடம் தங்காது. கொரோனா தங்கும்.

வாசலில் நோட்டீஸ்

ஆனாலும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. நோயாளி பயந்து ஒளிந்தால், நோயும் கூடவே ஒளிந்துகொள்ளும்.

2020-ல் பல ஊர்களில் கொரோனா நோயாளியின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வீட்டாரை அக்கம்பக்கத்தார் ஒதுக்கி வைத்தார்கள். தகுந்த அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

நோயைச் சொன்னவருக்கு அன்று 1,000 ரூபாய். இன்று அவமானம் என்றால், யார் வாய் திறப்பார்கள்?

அடுத்த கொள்ளைநோய் வரும்போது நல்ல மருந்து கிடைக்கலாம். ஆனால் ஊழியர் வந்து தட்டும்போது ஜனங்கள் பயமின்றிக் கதவைத் திறக்கவேண்டும். அதற்கான நம்பிக்கையை, நோய் வருவதற்கு முன்பே சம்பாதித்து வைக்கவேண்டும்.