வானில் வழி திறந்தவர்கள்

போர்ட் கிள்ளான் 1972ஆம் ஆண்டுவரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்டது. அக்காலத்தில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களுள் பலர் இத்துறைமுகத்தில்தான் கரை இறங்கினர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் ரஜூலா கப்பல், பினாங்கைத் தொட்டுவிட்டு இங்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மக்கள் இவ்வாறு கப்பலில் வந்துகொண்டிருந்த 1951ஆம் ஆண்டில், உஷா சுந்தரம் எனும் தமிழ்ப்பெண் தம் கணவருடன் சேர்ந்து ஒரு சிறிய விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். பல குடும்பங்களில் பெண் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வியை எட்டுவதே அரிதாக இருந்த காலம் அது.

உஷா விமானியின் இருக்கையில் அமர்வதற்கு முன்பே, உலகின் வேறு இடங்களில் சில பெண்கள் அந்த இருக்கைக்கான வழியைத் திறந்திருந்தனர். அவர்கள் நிகழ்த்திய சாதனைகளைக் காட்டிலும், அவர்கள் விட்டுச்சென்ற வாய்ப்புகளே இன்றும் பயன் தருகின்றன.

ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டில் முதன்முதலாக விமானத்தில் பறந்தனர். ஏழே ஆண்டுகளில், அதாவது 1910 மார்ச் 8ஆம் நாள், பிரான்சு நாட்டின் ரேமொண்ட் டி லரோஷ் விமானி உரிமம் பெற்றார். உலகிலேயே அவ்வுரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. உரிமம் என்பது வெறும் தாள் அன்று. ஆண்களுக்கு வைக்கப்பட்ட அதே தேர்வில் ஒரு பெண்ணும் தேறினார் என்பதற்கு அது சான்றாக அமைந்தது.

எனினும், தேர்வு எழுதும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த பெஸ்ஸி கோல்மன், பெண் என்பதாலும் கறுப்பினத்தவர் என்பதாலும் அந்நாட்டு விமானப் பயிற்சிப் பள்ளிகளால் மறுக்கப்பட்டார். சிக்காகோ நகரில் நகங்களை ஒப்பனை செய்யும் பணியில் இருந்த அவர், பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டு பிரான்சுக்குச் சென்றார். 1921ஆம் ஆண்டில் உரிமத்தோடு தாயகம் திரும்பினார். தம்மைப்போல் மறுக்கப்பட்டவர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்க வேண்டும் என்பது அவரது கனவு. அக்கனவு நிறைவேறும் முன்னரே 1926ஆம் ஆண்டில் விமான விபத்தில் உயிரிழந்தார். ஆயினும், மூன்றே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் பெயராலேயே ஒரு விமானக் கழகம் தொடங்கப்பட்டு, கறுப்பினத்தவர்க்குப் பயிற்சி அளித்தது.

மலாயா வானும் இத்தகைய பெண்களைக் கண்டிருக்கிறது. இங்கிலாந்தின் எமி ஜான்சன் 1930 மே மாதத்தில் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தபோது, இத்தீபகற்பத்தைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கினார். ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர் தொலைவை அவர் 19 நாள்களில் கடந்தார். அதற்குமுன் அவர் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தவர். விமானத்தை ஓட்டுவதோடு அதன் இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் கற்று, அதற்கான உரிமத்தையும் பெற்றிருந்தார். வழியில் ஏற்பட்ட பழுதுகளைச் சமாளிக்க அத்திறன் கைகொடுத்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, தொழிற்சாலைகளில் உருவான போர்விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச்செல்லும் பிரிட்டிஷ் துணைப்படையில் எமி சேர்ந்தார். அப்பணியின்போதே 1941 ஜனவரியில் மறைந்தார். அப்படையில் 160க்கும் மேற்பட்ட பெண் விமானிகள் பணியாற்றினர். தொடக்கத்தில் அவர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. 1943ஆம் ஆண்டில் இருபாலருக்கும் சம ஊதியம் என்பது நடைமுறைக்கு வந்தது.

அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் அமெலியா எர்ஹார்ட். 1937 ஜூன் மாதம் உலகைச் சுற்றிவரும் பயணத்தில் அவரும் சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் இறங்கினார். இரு வாரங்களுக்குள் பசிபிக் பெருங்கடலின்மீது அவரது விமானம் காணாமல் போனது. அவர் எவ்வாறு மறைந்தார் என்பது குறித்தே உலகம் இன்றும் பேசுகிறது. ஆனால், அவர் விட்டுச்சென்ற மற்றொன்று பலருக்குத் தெரிவதில்லை. 1929ஆம் ஆண்டில் 99 பெண் விமானிகள் இணைந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினர். உறுப்பினர் எண்ணிக்கையே சங்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவர் அமெலியா. பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்ட அச்சங்கம், விமானப் பயிற்சி பெற விரும்பும் பெண்களுக்கு அவர் பெயரால் இன்றும் உதவிநிதி வழங்கி வருகிறது.

இந்தியாவில் சரளா தக்ரல் 1936ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதில் உரிமம் பெற்றார். உரிமம் இருந்தும் வேலை கிடைப்பது எளிதாக இல்லை. பிரேம் மாத்தூர் எனும் பெண் விமானி, பல நிறுவனங்கள் மறுத்த பின்னரே ஹைதராபாத்தின் தக்காண விமான நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

இவர்களின் காலத்தில் வாழ்ந்தவரே உஷா சுந்தரம். விமானியான கணவர் வி. சுந்தரத்துக்குத் துணை விமானியாகப் பறந்து அவர் இத்தொழிலைப் பழகினார். 1949ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சியும் பெற்றார். சர்தார் வல்லபாய் பட்டேல், சிற்றரசுகளை இந்தியாவோடு இணைக்கப் பல ஊர்களுக்கும் சென்றபோது, அவரை ஏற்றிச்சென்ற விமானத்தை இத்தம்பதியர் ஓட்டினர். நாட்டுப் பிரிவினையின்போது பாகிஸ்தானில் சிக்கிக்கொண்டவர்களை மீட்டுவரும் பணியிலும் உஷா ஈடுபட்டார். 1951ஆம் ஆண்டில் அவர்கள் இலண்டனிலிருந்து கொண்டு வந்தது, சென்னை மாநில அரசு வாங்கிய டவ் வகை விமானம். பிற்காலத்தில், கைவிடப்பட்ட விலங்குகளைக் காக்கும் புளூ கிராஸ் அமைப்பு சென்னையில் உருவாகவும் இருவரும் காரணமாயினர்.

நம் நாட்டிலும் இவ்வரிசை தொடர்கிறது. சபாவின் சண்டாக்கான் நகரில் பிறந்த பெட்ரிசியா யாப், மலேசிய அரச ஆகாயப் படையில் சேர்ந்து மிக்-29 போர்விமானத்தை ஓட்டிய முதல் ஆசியப் பெண் எனும் பெருமையைப் பெற்றார்.

இத்தனை முன்னோடிகள் இருந்தும், உலக விமானிகளுள் பெண்கள் ஏறக்குறைய 5 விழுக்காட்டினரே. இந்தியாவிலோ இவ்வளவு 12 விழுக்காட்டுக்கும் அதிகம். அங்குத் தேசிய மாணவர் படையின் வான்பிரிவு, பள்ளி, கல்லூரி மாணவிகளுக்குப் பறக்கும் அனுபவத்தை இளமையிலேயே அளிக்கிறது. சில நிறுவனங்கள் இரவுப் பணிக்குப் பாதுகாப்பான போக்குவரத்தையும், தாய்மார்களுக்கு ஏற்ற பணி நேரத்தையும் ஏற்பாடு செய்கின்றன. ஒரு பெண் துணிந்து பறந்தால் அது செய்தியாகிறது. அவருக்குப் பின் வருவோருக்குப் பயிற்சியும் பணமும் பணியிட வசதியும் அமைந்தால்தான் எண்ணிக்கை உயர்கிறது.

மலேசியாவில் மலாக்கா, லங்காவி முதலிய இடங்களில் விமானப் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. அறிவியல், கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் நல்ல தேர்ச்சியும் உடல்நலச் சான்றிதழும் இதற்குத் தேவை. விண்ணப்பப் படிவம் ஆண், பெண் என வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால், பயிற்சிக்கு இலட்சக்கணக்கான ரிங்கிட் செலவாகும். பெஸ்ஸி கோல்மன் காலத்தில் பள்ளியின் கதவே மூடியிருந்தது. இன்று கதவு திறந்திருந்தும் கட்டணமே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. ஆகவே, படிக்கும் காலத்திலேயே கல்விக் கடனுதவிகளையும் உபகாரச் சம்பளங்களையும் பற்றி அறிந்துவைத்திருப்பது நன்று. விமானத்துறை விமானிகளால் மட்டும் இயங்குவதும் இல்லை. விமானப் பொறியியல், பழுதுபார்ப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகிய பணிகளும் இத்துறையில் உள்ளன.

ரஜூலா கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கியவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்று கிள்ளான் வட்டாரப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் விமானியாக விரும்பினால், ‘பெண்ணால் முடியுமா?’ என்னும் கேள்விக்கு அவர் விடை தேட வேண்டியதில்லை. அதற்கான விடையை உஷா 1951ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டார். பயிற்சிக்கு வழி என்ன என்பதே இனி அவரும் அவர் குடும்பத்தினரும் பள்ளியும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி.