மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: ‘டோனட்’, ‘லாலிபாப்’, ‘ஆங்கர்’ - எது யாருக்கு?

கழுத்து வலி, பிரா பட்டை அழுத்தித் தோளில் விழும் பள்ளம், மார்பகத்துக்கு அடியில் வேர்வையால் வரும் புண். அந்தமான் மாதிரி புழுக்கமான ஊரில் அந்தப் புண் லேசில் ஆறாது. இதற்காக மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கிறீர்களா? ‘தழும்பு எவ்வளவு தெரியும்?’ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆனால், எவ்வளவு தோலை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதற்கான பதிலையே முடிவு செய்கிறது.

தோலை ஏன் எடுக்கணும்?

உள்ளே திசுவும் கொழுப்பும் குறைந்தால் மேல் தோல் தொளதொளவென்று ஆகிவிடும். பெரிய சைஸ் பிளவுஸை டெய்லர் பிடித்துத் தைப்பது போல, மிச்சத் தோலை எடுத்துத் தைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் வித்தியாசம்.

டோனட்: காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மட்டும் வெட்டு. தழும்பு குறைவு. ஆனால் கொஞ்சம் தோலைத்தான் எடுக்க முடியும். அதிகம் இழுத்துத் தைத்தால் வட்டம் விரியலாம், மார்பகம் தட்டையாகத் தெரியலாம்.

லாலிபாப்: வட்டத்தோடு, அங்கிருந்து கீழே ஒரு நேர்கோடு. நடுத்தரக் குறைப்புக்கு ஏற்றது. கீழ்முனையில் தோல் சுருங்கி நிற்கும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

ஆங்கர்: இவற்றோடு மார்பக அடி மடிப்பிலும் ஒரு கோடு. ராபர்ட் வைஸ் 1956-ல் வெளியிட்ட வடிவம் இதற்கு அடிப்படை. மிகப் பெரிய, நன்றாகத் தொங்கும் மார்பகங்களுக்கு இதில்தான் போதிய தோலை எடுக்க முடியும். தழும்பு நீளம், ஆனால் கீழ்க்கோடு மடிப்புக்குள் மறையும். மூன்று தையல்கள் சந்திக்கும் இடம் ஆறத் தாமதமாகலாம்.

தீவில் இருப்பவர்கள் கவனிக்க

சென்னைக்கு வந்து சிகிச்சை செய்துகொண்டு ஸ்ரீ விஜயபுரத்துக்கு (போர்ட் பிளேர்) திரும்புவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி சுமார் 1,370 கி.மீ. தையல் பிரிவது, சீழ் பிடிப்பது போன்றவை பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். அதனால் ரிட்டர்ன் டிக்கெட் போடும் முன், எத்தனை நாள் பக்கத்திலேயே தங்கணும், எப்போது பயணம் செய்யலாம், ஊரில் காயத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் இதையும் கேளுங்கள்

காம்பின் உணர்ச்சியும் தாய்ப்பால் கொடுக்கும் வாய்ப்பும் தழும்பின் வடிவத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. காம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் திசுவை எந்தப் பக்கம் விட்டுவைக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது முக்கியம். தழும்பு தடித்துப் புடைக்கும் உடல்வாகு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகரெட் பழக்கம் காயம் ஆறுவதைக் கெடுக்கும். எப்போது நிறுத்தணும் என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸ்? வெறும் அழகுக்காக என்றால் கிடைக்காது. மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுத்தில் கொடுத்தால் கோர வழியுண்டு. பாலிசியைப் படித்துவிட்டு, முன் அனுமதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.